கொச்சுவேளி முதல் பாப்பனங்கோடு வரை

திருவனந்தபுரம் என்றவுடன் நம்மவர் நினைவுக்கு வருவன பத்மநாபசுவாமி திருக்கோயிலும், சாலைக் கடைத்தெருவும், சங்குமுகம் கடற்கரையுமே ஆகும். ஊரிலிருந்து உற்றார் வந்தால் நாமும் அவர்களை இம்மூன்று இடங்களுக்கே அழைத்துச் செல்வது வழக்கம். ஆயினும் சென்ற திங்கள் ஒரு நாள் தற்செயல் விடுப்பு எடுத்துக்கொண்டு நாம் கண்டு வந்த இடங்கள் வேறு. அவற்றைக் காண வேண்டிய தேவை நம் மைத்துனரால் நேர்ந்தது.

மைத்துனர் நாகர்கோவிலிலிருந்து வந்து, இந்நகரின் தென்பகுதிச் சந்து ஒன்றில் பதினோரு ஆண்டுகளாக மூலாம் பட்டறை நடத்தி வருகிறார். இரும்பு நாற்காலிக் கால்கள், மோட்டார் சைக்கிள் உறுப்புகள் முதலியவற்றுக்கு நிக்கல் மூலாம் பூசுவது தொழில். ஏழு பேர் வேலை செய்கின்றனர். அவருள் ஐவர் நம் மாவட்டத்தார். பட்டறை தொடங்கும்போது நாமும் சேமநிதியிலிருந்து கடன் எடுத்துக் கொடுத்தோம். எனவே இதில் நமக்கும் பங்கு உண்டு.

பட்டறையை அடுத்த வீட்டில் ஒரு மூதாட்டி தனியே வாழ்கிறார். அவ்வீட்டுக் கிணற்று நீரைப் பேரன் எடுத்துச் சென்று சோதித்ததில், அதில் நிக்கல் குடிநீருக்கு விதித்த அளவினும் மிகுந்திருப்பது தெரியவந்தது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 0.02 மில்லிகிராமுக்கு மேல் நிக்கல் இருத்தலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். சில நாட்களில் பட்டறைக்கு அறிவிப்பு வந்தது. முப்பது நாட்களுக்குள் கழிவு நீருக்கு வழி செய்யாவிடில் பட்டறை மூடப்படும்.

அன்றிரவு மைத்துனர் நம் வீட்டுத் திண்ணையில் வெகுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “அத்தான், கழுவின தண்ணியை ராத்திரியில்தான் ஓடையில் விடுவோம். உங்களுக்குத் தெரியாதா?” என்றார். நமக்குத் தெரியும். தெரிந்தும் பதினோரு ஆண்டுகள் நாம் கேட்கவில்லை.

மறு வாரம் இருவரும் புறப்பட்டோம். தம்பானூர் மத்திய நிலையத்தின் நடைமேடையில் வண்டிக்குக் காத்திருக்கையில் நமக்கு எப்போதும் தோன்றுவது ஒன்றுண்டு. தண்டவாளங்களுக்கு அடியில் ஆமயிழஞ்சான் தோடு ஓடுகிறது. மேலே ஆயிரக்கணக்கானோர் பயணம் செய்ய, கீழே நகரத்தின் குப்பையும் சாக்கடையும் சென்றுகொண்டிருக்கும். 2024ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அதைத் துப்புரவு செய்ய இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு, இரண்டு நாள் தேடலுக்குப் பின் பிணமாகக் கிடைத்தார். அதன் பிறகு அந்த நடைமேடையில் நின்று கையிலிருக்கும் தாளைக் கீழே போட நமக்கு மனம் வருவதில்லை.

பேட்டை நிலையம் கடந்து கொச்சுவேளியில் இறங்கினோம். இந்நிலையத்துக்குத் ‘திருவனந்தபுரம் வடக்கு’ என்றும், நேமத்துக்குத் ‘திருவனந்தபுரம் தெற்கு’ என்றும் பெயர் மாற்ற 2024இல் ஒப்புதல் கிடைத்தது. ஆனாலும் ஊழியர் வாயில் பழைய பெயரே வழங்குகிறது. இங்கிருந்து சிறு தொலைவில் திருவாங்கூர் டைட்டேனியம் தொழிற்சாலை உள்ளது. 1946இல், சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்தில் தொடங்கப்பட்டது. சுவருக்கு அடிக்கும் வெள்ளை வண்ணத்துக்கும் காகிதத்துக்கும் வெண்மை தருவது டைட்டேனியம் டை ஆக்சைடு என்னும் தூள். அதை இந்தியாவில் முதலில் செய்த ஆலை இதுவே.

இதன் மூலப்பொருள் இல்மனைட் என்னும் கருமணல். கேரளத்துச் சவரையிலும், நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் அது கடற்கரையில் கிடைக்கிறது. இம்மணலின் கதை ஒரு விந்தை. இவ்வட்டாரத்திலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கண்டு, அதில் மோனசைட் என்னும் அரிய தாது இருப்பதை ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலார் 1909இல் கண்டறிந்தார். அதைத் தேடிக் கடல் கடந்து வந்து மணவாளக்குறிச்சியில் ஆலையும் நிறுவினார். தேங்காய் நார் நமக்குக் காட்டிக் கொடுத்தது ஒரு புதையலை. அதே நார் இன்னொரு வகையிலும் உதவுவதைப் பிற்பகலில் காண்போம் என்று நாம் அப்போது அறிந்திலோம்.

கருமணலில் டைட்டேனியத்துடன் இரும்பும் பிணைந்துள்ளது. அதைக் கந்தக அமிலத்தில் கரைத்து டைட்டேனியத்தைப் பிரித்தால், இரும்பும், சிறிதளவு மாங்கனீசு, குரோமியம், வெனேடியம் முதலிய உலோகங்களும் அமில நீரில் எஞ்சுகின்றன. நெடுங்காலம் இக்கழிவு நீர் வேளிக் கடலிலேயே விடப்பட்டு வந்தது. கரையோர மக்கள் இதை எதிர்த்துப் பன்முறை போராடியுள்ளனர். 2021 பிப்ரவரியில் ஆலையின் குழாய் உடைந்து உலை எண்ணெய் கடலில் கலந்ததும் பத்திரிகைகளில் வந்த செய்தியே. இவ்வாலையால் பல நூறு குடும்பங்கள் உண்கின்றன என்பதையும் மறுப்பதற்கில்லை. வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் மைத்துனர் பேச்சுக் கொடுத்தார். மீன் எப்படி என்று கேட்டதற்கு, அவர் கடலைக் காட்டாமல் வானத்தைக் காட்டிச் சிரித்தார். அங்கிருந்து வடக்கே தும்பை. 1963 நவம்பரில் இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட்டு பறந்தது அவ்வூரிலிருந்துதான்.

கழக்கூட்டம் வழியாகக் காரியவட்டம் சென்றோம். கேரளப் பல்கலைக் கழகத்தின் வேதியியல் துறை அங்கே உள்ளது. மார்த்தாண்டத்தில் நமக்கு அறிமுகமான ஆசிரியர் ஒருவரின் மகள் அவ்வளாகத்தில் பயில்கிறாள். “வாங்க மாமா” என்று வாயிலிலேயே வந்து அழைத்துச் சென்றாள். மரத்தடி இருக்கையில் அமர்த்தி, தன் குறிப்பேட்டைத் திறந்துவைத்து, நம்மிருவருக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பாடம் நடத்தினாள்.

தேங்காய் மட்டையை ஊறவைத்து அடித்து நார் எடுத்த பின் உதிரும் பழுப்புத் தூளை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். மலையாளத்தார் இதைச் சகிரிச் சோறு என்பர். கயிற்று ஆலைகளின் அருகே மலைபோல் குவிந்து கிடக்கும். மழையில் ஊறி ஓடையைக் கறுப்பாக்கும். இத்தூளை வைத்து உலோகங்களைப் பிடிக்கும் ஆராய்ச்சி இத்துறையில் நெடுங்காலம் நடந்திருக்கிறது. பேராசிரியர் அனிருதனும் அவர் மாணவரும் தூளின் மேல் வேறு சேர்மங்களை ஒட்டுக்கட்டி, 2004இல் குரோமியத்தையும், 2007இல் ஆர்சனிக்கையும், 2008இல் பாதரசத்தையும் நீரிலிருந்து பிரிக்கும் முறைகளை வெளியிட்டனர். பிடித்த உலோகத்தை மீட்டெடுத்துத் தூளை மறுபடியும் பயன்படுத்துவது அவர்தம் ஆய்வின் ஒரு பகுதி. நம் கோயம்புத்தூரில் பாரதியார் பல்கலைக் கழகத்திலும் நமசிவாயம் முதலியோர் இத்தூளைக் கரியாக்கி, ஆலைக் கழிவு நீரிலிருந்து செம்பு, நிக்கல் முதலியவற்றை நீக்கிக் காட்டி 2001இல் எழுதினர்.

இது எவ்வாறு நடைபெறுகிறது? அவள் சொன்ன வேதியியல் சொற்களை நாம் நம் தொழிலுக்கேற்ப மாற்றிப் புரிந்துகொண்டோம். தூளின் ஒவ்வொரு துகளும் ஒரு ரயில் பெட்டி. அதில் எண்ணற்ற இருக்கைகள். அவற்றில் ஹைட்ரஜன் என்னும் இலேசான பயணிகள் அமர்ந்திருக்கின்றனர். நிக்கல் கலந்த நீர் அதன் வழியே செல்லும்போது நிக்கல் ஏறி அமர்ந்துகொள்ள, ஹைட்ரஜன் இறங்கி நீரோடு போய்விடுகிறது. எல்லா இருக்கைகளும் நிரம்பிய பின் நீர்த்த அமிலத்தால் தூளைக் கழுவினால், அமிலத்தில் திரள் திரளாக இருக்கும் ஹைட்ரஜன் கூட்டம் ஏறி நிக்கலை இறக்கிவிடுகிறது. பெட்டி மறுபடியும் காலி. அடுத்த நடைக்கு ஆயத்தம்.

“அப்படியானால் அமிலத் தண்ணியில் இந்தத் தூளைப் போட்டால்?” என்று மைத்துனர் கேட்டார். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர் எனினும் தொழில் அறிவு கூர்மையானது. அவள் முகம் மலர்ந்தது. அமில நீரில் ஹைட்ரஜன் முன்னமே எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்ளும்; உலோகம் ஏற முடியாது. ஆகையால்தான் வேளியில் நாம் கண்டது போன்ற பெரிய ஆலையின் அமிலக் கழிவுக்கு இம்முறை முதல் மருந்து ஆகாது. அங்கே முதலில் சுண்ணாம்பு இட்டு அமிலத்தை முறித்து, இரும்பைப் படிய வைத்தல் வேண்டும். அதன் பின்பும் எஞ்சும் சிறிதளவு உலோகத்தைத் துடைத்தெடுக்கவே உறிஞ்சும் பொருள்கள் ஏற்றவை. நீரில் கால்சியம் மிகுந்திருந்தாலும் அதுவும் இருக்கைக்குப் போட்டியிடும். சீட்டில்லாப் பயணிகளால் நாம் படும் பாடு நினைவுக்கு வந்தது.

எல்லா உலோகத்துக்கும் ஒரே இருக்கை பொருந்தாது. பாதரசத்துக்குக் கந்தகத்தின் மேல் பெரு நாட்டம். ஆகவே கந்தகம் சேர்த்த கரியோ பிசினோ அதை இறுகப் பற்றும். அத்தகைய கந்தகச் சேர்மங்களுக்கு ‘பாதரசத்தைப் பிடிப்பது’ என்ற பொருளில் லத்தீன் மொழியில் பெயரே இட்டிருக்கின்றனர். குரோமியத்தின் நச்சு வடிவம் எதிர்மின்னேற்றம் கொண்ட கூட்டாக நீரில் நடமாடுவது. அதற்கு நேர்மின்னேற்றமுள்ள இருக்கை வேண்டும். இராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட்டு ஆலையின் கழிவு மேடு இந்த வகைக் குரோமியமே. வேலூர் மாவட்டத்துத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996இல் வழங்கிய தீர்ப்பை வாசகர் பலரும் அறிவர். தீர்ப்பு வந்து இத்தனை ஆண்டுகளாகியும் அவ்வூர்க் கிணறுகள் பல இன்னும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்பதை நினைக்கையில், நம் பட்டறையை அடுத்த அந்த ஒரு கிணறு நம் கண்முன் வந்து நின்றது.

மைத்துனர் கணக்குக் கேட்டார். நாம் குமாஸ்தா ஆதலின் கணக்கு நம் கையில் விழுந்தது. நாளொன்றுக்குக் கழுவு நீர் 500 லிட்டர். லிட்டருக்கு 20 மில்லிகிராம் நிக்கல் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 10 கிராம். ஒரு கிராம் தூள் 10 மில்லிகிராம் நிக்கலைப் பிடிக்கும் என்று கொண்டால் நாளுக்கு ஒரு கிலோ தூள் போதும். அந்த ஒரு கிலோவை 5 லிட்டர் நீர்த்த அமிலத்தால் கழுவினால் 10 கிராமும் அந்த ஐந்து லிட்டரில் வந்துவிடும். அதாவது 500 லிட்டரில் பரவிக் கிடந்தது நூறு மடங்கு செறிந்து ஒரு குடத்தில் அடங்கிவிடுகிறது. இது வெறும் மாதிரிக் கணக்கு. உண்மையான அளவு தூளுக்குத் தூள், நீருக்கு நீர் மாறும் என்று அவள் எச்சரித்தாள்.

ஆனால் நாம் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. நாளுக்கு 10 கிராம்; ஆண்டுக்கு 300 வேலை நாட்கள்; 3 கிலோ. பதினோரு ஆண்டுகளுக்கு 33 கிலோ. எழுதிய தாளை மைத்துனரிடம் காட்டினோம். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

குறைகளையும் அப்பெண் மறைக்கவில்லை. பச்சைத் தூளை அப்படியே இட்டால் அதன் சாயம் நீரில் இறங்கிப் பழுப்பாகும். ஆகையால் முன்னரே பதப்படுத்த வேண்டும். ஒவ்வொரு முறை அமிலத்தில் குளிக்கும்போதும் தூளின் வலு சிறிது குறையும். முடிவில் அதுவும் கழிவே. ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குழாயில் தூய நீரும் ஒரே உலோகமும் இருக்கும். பட்டறை நீரிலோ எண்ணெய், சோப்பு, பாலிஷ் மாவு எல்லாம் கலந்திருக்கும். நூற்றுக்கணக்கான கட்டுரைகள் வெளிவந்தும் சந்தையில் கிடைக்கும் சாதனங்கள் சிலவே என்பதற்கு இது ஒரு காரணம். எல்லாவற்றுக்கும் மேலாக, உலோகம் எங்கும் மறைந்து போவதில்லை. அமிலக் குடத்தில் இருப்பதற்கும் ஒரு போக்கிடம் வேண்டும்.

“அந்தக் குடத்தைத் திரும்ப நிக்கல் தொட்டியில் ஊற்றலாமா?” என்று மைத்துனர் ஆவலோடு வினவினார். நிக்கல் விலை அவருக்கன்றோ தெரியும்! கந்தக அமிலத்தால் மீட்டால் கிடைப்பது நிக்கல் சல்பேட்டு; மூலாம் தொட்டியில் இருப்பதும் அதுவே. ஆயினும் தூளிலிருந்து வரும் கரிமப் பொருள்கள் சிறிதளவு கலந்தாலும் மூலாம் கறுத்தும் உரிந்தும் போகும். தூய்மை செய்யாமல் ஊற்றலாகாது. சோடாக் காரம் இட்டால் இளம்பச்சை நிறத்தில் நிக்கல் படியும். அதை வடித்து உலர்த்தி, தீங்கான கழிவுகளை ஏற்கும் கொச்சி அம்பலமேட்டு நிலையத்துக்கு அனுப்புவதே இப்போதைக்கு ஏற்ற வழி.

விடைபெறுகையில் அவள் சொன்ன ஒன்றுதான் எல்லாவற்றினும் மலிவான யோசனை. “மாமா, தூள் கடைசிப் படி. முதல் படி, தண்ணீரில் நிக்கலை விடாமல் இருப்பது.” தொட்டியிலிருந்து எடுத்த பொருளை உடனே ஓடும் நீரில் கழுவாமல் சற்று நேரம் தொட்டியின் மேலேயே தொங்கவிட்டுச் சொட்ட வைத்தல், பின் ஓடாத நீருள்ள தொட்டியில் முதலில் முக்கி, அந்நீரையே மூலாம் தொட்டியில் குறையும் அளவுக்கு ஊற்றுதல், அதன் பின்பே மற்ற இரு தொட்டிகளில் அலசுதல். இதில் வேதியியல் ஏதுமில்லை. நம் வீட்டுப் பெண்டிர் அரிசி களைந்த நீரைச் செடிக்கு ஊற்றுவது போன்றதே.

மாலையில் நகரத்தைக் குறுக்காகக் கடந்து, கரமனை தாண்டி, நாகர்கோவில் சாலையில் பாப்பனங்கோடு வந்தோம். இங்குள்ள மத்திய ஆய்வகம் 1975இல் தோன்றி, 1978 முதல் வட்டார ஆய்வுக்கூடம் என்று வழங்கி, 2007இல் பல்துறை அறிவியல் தொழில்நுட்பத் தேசிய நிறுவனம் என்று பெயர் பெற்றது. கருமணலைப் பதப்படுத்தும் முறைகள் இவ்விடத்தார் நெடுநாள் ஆய்ந்த பொருள்களுள் ஒன்று. அவர்கள் செய்த மற்றொன்றும் உண்டு. டைட்டேனியம் டை ஆக்சைடிலிருந்தே மிக நுண்ணிய குழல்கள் செய்து, அவற்றைக் காந்தத் துகள்மேல் ஏற்றி, நீரிலுள்ள சாயத்தைப் பிடிக்கவைத்து, காந்தத்தால் இழுத்துத் திரும்ப எடுத்துப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டனர். காலையில் எந்த வெண்தூளின் ஆலையைக் கண்டோமோ அதே வெண்தூள் மாலையில் நீரைத் தூய்மை செய்யும் பொருளாக நம் முன் வந்தது! சென்னையில் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த பேராசிரியர் பிரதீப் குழுவினர் இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசானையும் இரும்புச் சேர்மத்தையும் கூட்டிச் செய்த ஆர்சனிக் வடிகட்டி ஊர்களுக்கே சென்று சேர்ந்துள்ளது. அவருக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. தேங்காய் மட்டை, இறால் ஓடு, கருமணல்! நம் கரையில் கிடப்பவை எவையெவை என்று எண்ணிக்கொண்டே தேநீர் அருந்தினோம்.

கடையில் மைத்துனர், “மாப்பிள்ளை என்று கூப்பிடாமல் இன்னைக்கு என்னைத் தம்பி என்று கூப்பிட்டீங்க அத்தான்” என்றார். நாம் கவனித்திலோம்.

இரண்டு வாரத்தில் பட்டறையில் மூன்று கழுவு தொட்டிகள் அமைந்தன. சொட்டவிடும் கம்பி கட்டியதில் வேலை சற்று மந்தமாகிறது என்று பணியாளர் முணுமுணுத்தனர், பின் பழகிவிட்டது. கடைசித் தொட்டிக்குப் பின்னே, பதப்படுத்திய நார்த்தூள் நிறைத்த இரண்டு பிளாஸ்டிக் பீப்பாய்கள். ஒன்று நிரம்பும்போது மற்றொன்று வேலை செய்யும். வெளியேறும் நீரைச் சோதனைக் கூடத்தில் கொடுத்தோம். முதல் முறை லிட்டருக்கு 3 மில்லிகிராம் என்னும் விதித்த எல்லைக்கு மேலேயே நின்றது. மைத்துனர் சோர்ந்து போனார். நீர் விரைந்து பாய்ந்ததே காரணம் என்று தொலைபேசியில் அப்பெண் கூறவே, குழாய் வாயைச் சுருக்கினோம். இரண்டாம் முறை எல்லைக்குள் வந்தது. அறிவிப்பு அனுப்பிய அலுவலகத்தார் வந்து பார்த்துவிட்டு மேலும் மூன்று திங்கள் தவணை அளித்துள்ளனர்.

கிணறு அவ்வாறில்லை. மண்ணில் இறங்கியதை எந்தப் பீப்பாயும் திரும்ப எடுக்காது. ஓடையில் விட்டதை நிறுத்திய பின்பும் அது தெளிய எத்தனை மழைக்காலம் ஆகுமோ. மைத்துனர் மூதாட்டியின் வீட்டுக்குத் தம் செலவில் குடிநீர்க் குழாய் இணைப்பு வாங்கிக் கொடுத்தார். விண்ணப்பத்தை நாம் எழுதினோம். குழாய் வந்த அன்று அவர் அம்மையாரிடம் சென்று நின்றார். என்ன சொன்னார் என்று நமக்குத் தெரியாது, நாம் வாசலிலேயே நின்றுவிட்டோம். மூதாட்டி மட்டும் வெளியே வந்து, “கிணற்று வெள்ளத்தின் ருசி இதற்கு இல்லை, மோனே” என்று மலையாளத்தில் சொல்லி, அந்தக் குழாய் நீரிலேயே எங்களுக்குச் சாயா போட்டுக் கொடுத்தார்.